நாலாவது கொக்கி

போன மாதம் பட்டறையில் எனக்கு விடைகொடுக்கும் கூட்டம் நடத்தினீர்கள். சால்வை போர்த்தினீர்கள், மக்ரூன் வாங்கிக் கொடுத்தீர்கள், வீட்டில் மாட்ட இடமில்லாத அளவுக்குப் பெரிய சுவர்க்கடிகாரமும் தந்தீர்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "அண்ணாச்சி போட்ட கொக்கி இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுகூட பிடுங்குனதில்ல" என்றார். எல்லாரும் கை தட்டினீர்கள். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கடிகாரத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைகளே, நான் போட்ட கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஒன்றுதான், ஆனால் ஒரு குடும்பத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஏழு வருஷமாக நான் மறைத்து வைத்திருந்ததை உங்களுக்கு எழுதிவிடுகிறேன். இனிமேல் யாராவது மைக்கைப் பிடித்தால் சரியாகச் சொல்லட்டும்.

நம் ஊரில் இரும்புத் தொட்டி வைத்த பிக்கப் வண்டியில் நாலு வருஷம் மீன் ஏற்றினால், தொட்டியின் தரை வழியே ரோடு தெரியும். உப்புக்காற்றும் ஐஸ் தண்ணீரும் கழுவாமல் விடுகிற சோம்பேறித்தனமும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். அதனால்தான் ஃபைபர் தொட்டி வந்தது. துரு கிடையாது, எடை குறைவு, பார்க்கவும் பளபளவென்று இருக்கும். ஆனால் சரக்கைக் கட்டுவதற்குத் தொட்டியின் நாலு மூலையிலும் கொக்கி வேண்டும், அதை நாம்தான் போட வேண்டும்.

நான் இரும்பில் பழகிய கை. ஃபைபர் வந்த புதிதில் ஆறுமுகநேரி உப்பளத்துக்காரர் ஒருவருடைய புதுத் தொட்டியில், இரும்பை இறுக்குகிற மாதிரி போல்ட்டை இறுக்கி ஓரத்தைச் சடக்கென்று உடைத்துவிட்டேன். அவர் உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "தொட்டி கேட்டா அப்பளம்லா பொரிச்சுத் தந்திருக்கீரு" என்றார். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால். அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான்: இரும்பு தாங்கமுடியாவிட்டால் முதலில் வளைந்து காட்டும், நமக்குச் சுதாரிக்க நேரம் கிடைக்கும். ஃபைபர் கடைசி நொடி வரைக்கும் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

அதற்குப் பிறகு எங்கள் பட்டறைக்கு ஃபைபர் வேலை தெரிந்த ஒரு பெண் வந்தார். அதற்கு முன்னால் படகு கட்டும் கூடத்தில் ஃபைபர் வள்ளம் செய்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "எழுதுங்க, எம்பேரப் போடாதீங்க" என்றார். அதனால் போடவில்லை. கொக்கி போடும் முறையை எனக்குச் சொன்னவர் அவர்தான். "ஓட்டையப் போட்டு போல்ட்டை முடுக்கிட்டா ஆச்சா அண்ணாச்சி? தொட்டிக்கு அடியில கையகலத்துக்கு இரும்புத் தட்டு குடுங்க. இழுவை ஒரு இடத்துல நிக்கக்கூடாது, பரவணும்." அன்றிலிருந்து ஒவ்வொரு கொக்கிக்கும் அடியில் ஒரு தட்டு வைத்தோம். நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள். ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் நான் மூன்று தட்டு வைத்தேன்.

அந்த வண்டி கஸ்பாருடையது. கீழவைப்பார்க்காரர், சங்கு குளிக்கிறவர், அப்போது தூத்துக்குடியில் வாடகை வீட்டில் இருந்தார். அவருடைய அக்கா பிலோமியும் அக்கா புருஷன் தொம்மையும் ஊரிலேயே இருந்தார்கள். தொம்மையும் சங்கு குளிக்கிறவர்தான். மச்சானும் மச்சானும் ஒரே வள்ளத்தில் போவார்கள். ஒருவர் தண்ணீருக்குள் இறங்கினால் மற்றவர் மேலே கம்ப்ரசர் பக்கத்தில் நின்று காற்றுக்குழாயைப் பார்த்துக்கொள்வார். அடியில் இருப்பவருடைய மூச்சு மேலே இருப்பவர் கையில். அப்படிப் பழகிய இருவர்.

கஸ்பாருக்கு இன்னொரு பேரும் உண்டு. அவர் கட்டினால் கட்டு அவிழாது என்பார்கள். கயிற்றின் முனையில் ஒரு கண்ணி போடுவார். எவ்வளவு இழுத்தாலும் அது பெரிதாகவும் ஆகாது, சுருங்கவும் செய்யாது. கடற்கரையில் இது சின்னப் பேர் இல்லை. அங்கே சரக்கு நழுவினால், படகு அவிழ்ந்து போனால், கட்டியது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். இரும்பை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். இந்தப் பழக்கம் பின்னால் எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவர் ஃபைபர் தொட்டி வைத்த பழைய பிக்கப் ஒன்றை வாங்கி நாலு கொக்கி போடக் கொண்டுவந்தார். பல நாள் அடித்த காற்று அடங்கி, தண்ணீர் தெளிந்த முதல் வாரம் அது. மறுநாள் காலையில் கடலுக்குப் போக வேண்டும். அதற்குக் கம்ப்ரசர் அன்று சாயங்காலத்துக்குள் கீழவைப்பார் போய்ச் சேர வேண்டும். நாலு பேர் தூக்குகிற கனத்தில் இரும்புச் சட்டத்தோடு அது எங்கள் வாசலிலேயே தயாராக நின்றது. தொம்மையும் கூட வந்திருந்தார். டீக்கடைக்கும் பட்டறைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் மூன்று கொக்கி முடிந்தது. நாலாவது, இடது பக்கம் பின்மூலை. ஓட்டை போட்ட பிறகு அடியில் குனிந்து பார்த்தால், சரியாக அந்த இடத்தை ஒட்டி டீசல் டேங்குக்குப் போகும் குழாய் ஓடுகிறது. தட்டு வைக்க இடமில்லை. வைக்க வேண்டுமென்றால் தொட்டியையே கழற்றி இறக்கி, குழாயைத் தள்ளிவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். அரை நாள் வேலை.

"அண்ணாச்சி, ஆவுமா, ஆவாதா?" என்று கஸ்பார் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"ஆயிட்டு, ஆயிட்டு" என்றேன்.

ஃபைபர் வேலை பார்க்கும் அந்தப் பெண் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "தட்டு இல்லாம விடாதீங்க அண்ணாச்சி. இன்னிக்கு மூணோட போவட்டும். அந்த மூலையில கயிறு போடாதீங்கன்னு சொல்லிருவோம். கடலுக்குப் போயிட்டு வந்து இத முடிச்சுக்கிடட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் முன்னால் ஒரு வேலையைப் பாதியில் அனுப்புவதா? "எனக்கே சொல்லித் தாரியா ஏளா? போயி உன் சோலியப் பாரு" என்றேன். அவர் முகம் சுண்டிப்போய் உள்ளே போனார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

தட்டுக்குப் பதில், போல்ட்டில் கோக்கும் வட்ட வாசரில் பெரியதாக இரண்டு வைத்து, சுற்றிலும் ஃபைபர் ஒட்டும் ரெசின் குழைத்துப் பூசி இறுக்கினேன். நம் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டே, கொக்கியில் கயிற்றைப் போட்டு, கனமான ஆள் இரண்டு பேர் தொட்டியில் காலை ஊன்றி இழுத்துப் பார்ப்பது, அதையும் செய்தோம். அசையவில்லை. கனமான ஆள் இரண்டு பேர் நின்று இழுப்பதும், ஓடுகிற வண்டியில் பிரேக் பிடிக்கும்போது கம்ப்ரசர் இழுப்பதும் ஒன்றா? அந்தச் சோதனையை இப்போதும் நீங்கள் செய்கிறீர்கள். செய்யுங்கள், ஆனால் நம்பாதீர்கள்.

கஸ்பார் நாலு மூலையையும் ஒரு சுற்று பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "நாலும் ஒண்ணு போலத்தான அண்ணாச்சி?"

"நாலும் ஒண்ணு போலத்தான்" என்றேன்.

கேட்காமல் போயிருந்தால்கூட எனக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். அவர் நேராகக் கேட்டார். நான் நேராகப் பொய் சொன்னேன். ஒரு மூலை இளைத்தது என்று சொல்லியிருந்தால், அவருக்கு இருந்த கயிற்று அறிவுக்கு அந்த மூலையைத் தொடாமல் வேறு மாதிரி கட்டியிருப்பார். அரை நிமிஷப் பேச்சு.

மூலைக்கு ஒரு துண்டாக நாலு நீலக் கயிறு. ஒரு முனையைக் கம்ப்ரசர் சட்டத்தில் கட்டி, மறுமுனையில் கண்ணி போட்டுக் கொக்கியில் மாட்டினார். தொம்மை பின்னால் ஏறிச் சட்டத்தின் மேல் ஒரு கையை வைத்து உட்கார்ந்துகொண்டார். கஸ்பார் வண்டியை எடுத்தார். நான் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

குளத்தூரைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஆட்டு மந்தை வந்திருக்கிறது. கஸ்பார் பிரேக் பிடித்தார். பின்மூலைக் கொக்கி பிடுங்கி, கண்ணியை விட்டுத் தெறித்து எங்கோ விழுந்தது. ஒரு பக்கம் பிடி விட்டதும் கம்ப்ரசர் சட்டம் அப்படியே சுழன்று, தொம்மையின் வலது காலைத் தொட்டியின் சுவரோடு வைத்து நசுக்கியது. கஸ்பார் ஓடிவந்து பார்த்தபோது அந்த மூலைக் கயிறு தளர்ந்து கிடந்தது. கொக்கி எங்கே என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்? கத்தியை எடுத்துச் சட்டத்துப் பக்கமாக நாலு கயிற்றையும் அறுத்து, ரோட்டில் போனவர்களைக் கூப்பிட்டுச் சட்டத்தைத் தூக்கி மச்சானை வெளியே எடுத்தார். கால் பிழைத்தது. ஆனால் முழங்கால் மடங்காமல் போயிற்று. மடங்காத காலை வைத்துக்கொண்டு சங்கு குளிக்க முடியாது.

பதினைந்து நாள் கழித்துக் கஸ்பார் வண்டியைக் கொண்டுவந்தார். "சட்டம் இடிச்சதுல கொக்கி ஒண்ணு போயிட்டு. போட்டுருங்க அண்ணாச்சி" என்றார். நான் ஓட்டையைப் பார்த்தேன். சட்டம் இடித்திருந்தால் பக்கவாட்டில் உடைந்திருக்கும். இது அடியிலிருந்து மேலே பிய்ந்து, நார்நாராக நின்றது. வாசர் இரண்டும் ஃபைபரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கின்றன. இந்த வேலையில் ஒரு மாதம் இருந்தவனுக்கே புரிந்துவிடும். அந்தப் பெண்ணும் வந்து பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ரெசின் கலக்கப் போனார்.

கஸ்பார் டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "நாங் கட்டுன கட்டு அவுந்துட்டு அண்ணாச்சி. இத்தன வருசத்துல அவுந்ததில்ல. கடலுக்குப் போற அவசரத்துல என்ன செஞ்சேன்னே தெரியல. எங்கக்கா எம் மொகத்துல முழிக்கமாட்டேங்கா. ஒன்ன நம்பித்தானடா அவரு பின்னால ஏறுனாருன்னு ஒரு வார்த்த சொன்னா. அதோட பேச்ச நிப்பாட்டிட்டா."

பிய்ந்த ஓட்டை என் கைக்குக் கீழே இருந்தது. அவரை எழுப்பி இங்கே வந்து பாரும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "விடும் தம்பி. நேரம் சரியில்ல."

அன்றைக்குத் தொட்டியைக் கழற்றி இறக்கினோம். குழாயைத் தள்ளிவிட்டுக் கையகலத் தட்டு வைத்து, நாலாவது கொக்கியை முறைப்படி போட்டேன். அரை நாள்தான் ஆனது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பட்டறையின் பேர் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டறை எங்கேயும் போயிருக்காது. என் பேருக்குத்தான் பயந்தேன். கடற்கரையே கயிற்றைக் குறை சொல்லிக்கொண்டிருக்க, நான் எதற்கு நடுவில் போய்க் கையைத் தூக்க வேண்டும் என்ற கோழைத்தனம். பெரிய பொய் ஒன்றும் தேவைப்படவில்லை. சும்மா இருந்தாலே போதும் என்று இருந்தது, இருந்துவிட்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் போன வாரம் என்னிடம், "அன்னிக்கு நீங்க வஞ்சதும் நான் உள்ள போயிட்டேன். நானாவது அந்த வண்டிக்காரர்ட்ட நேராச் சொல்லியிருக்கணும்" என்றார். செய்யாத தப்புக்கு அவரும் இத்தனை வருஷம் வருத்தப்பட்டிருக்கிறார். பிள்ளைகளே, மூத்தவன் அதட்டினால் உள்ளே போகாதீர்கள். வண்டிக்காரரிடம் போங்கள். அந்த மூத்தவன் நானாக இருந்தாலும் சரி.

வாய்ப்பு இன்னொரு தடவையும் வந்தது. விபத்து நடந்து மூன்று வருஷம் இருக்கும். கஸ்பார் அதற்குள் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வாடகைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சரக்கு ஏற்றினால் கட்டுவது இன்னொருவர். அவர் கயிற்றைத் தொடுவதில்லை என்று பேச்சு. ஒருநாள் ஆயில் மாற்ற வந்தவர், "எங்கக்கா மவளுக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிக வைக்கல" என்றார். "தாய்மாமன் நான் ஒருத்தந்தான். என் தோள்ல கெடந்து வளந்த பிள்ள."

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. ஒரு பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருந்தால் போதும். "பெரியவங்க யாரையாவது வச்சுப் பேசிப் பாரும்" என்று யோசனை சொல்லி அனுப்பினேன். கல்யாணம் கோயிலில் நன்றாக நடந்ததாகக் கேள்விப்பட்டேன். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நின்றாராம். அந்த வருஷமே கஸ்பார் வண்டியை விற்றுவிட்டுக் கொச்சியில் மீன்பிடிப் படகுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

உங்கள் கைதட்டலைக் கேட்ட நாலாவது நாள் நான் கீழவைப்பாருக்குப் பஸ் ஏறினேன். வீட்டை விசாரித்துப் போனேன். தொம்மை முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து நண்டு வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து, "வாங்க அண்ணாச்சி, இங்கன உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். பிலோமி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டால் பேச வராது என்று டம்ளரைக் கீழே வைத்தேன். எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தபோதுதான் கொடி கண்ணில் பட்டது.

ஜன்னல் கம்பியிலிருந்து பூவரச மரம் வரைக்கும் துணி காயப்போடும் கொடி. நீலக் கயிறு, வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனையில் கண்ணி, மறுமுனையில் கத்தி அறுத்த தடம். நான் எண்ணினேன். நாலு கண்ணி, ஒன்றும் அவிழவில்லை.

"தங்கச்சி, இந்தக் கயிறு ஏது?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு வண்டியில கட்டுனதுதான். சாமான் எல்லாம் இங்கன கொண்டாந்து போட்டாங்கல்லா. கயித்தத் தூரப்போட மனசு வரல" என்றார் பிலோமி.

பிறகு சொல்லிவிட்டேன். டீசல் குழாய், தட்டு, வாசர், நாலும் ஒண்ணு போலத்தான் என்று நான் சொன்னது, பிய்ந்த ஓட்டை, எல்லாம். தொம்மையின் கை வலையில் நின்றுவிட்டது. பிலோமி நான் முடிக்கும் வரைக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து கொடிக்குப் போய், காய்ந்துகொண்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி, ஒவ்வொரு கண்ணியையும் கையில் பிடித்துப் பார்த்தார். கடைசிக் கண்ணியின் முடிச்சை நகத்தால் நெம்பினார். அது அசையவில்லை.

"நாலும் இருக்கே" என்றார். "தெனம் இதுலதான துணி போடுதேன்."

தொம்மை தலையைக் குனிந்துகொண்டார். பிலோமி என் பக்கம் திரும்பி, "உங்ககிட்ட அவன் நம்பர் இருக்கா?" என்று கேட்டார். கூடப் பிறந்த தம்பியின் நம்பரை அவர் என்னிடம் கேட்டார். என் போனில் இருந்தது. அழைத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றார்.

கஸ்பார் எடுத்தார். பின்னால் படகு இன்ஜின் சத்தம் கேட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்பதைச் சொல்லி, கொடியில் இருந்த கயிறு உட்பட மற்றதையும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை.

"கண்ணி நாலும் இருக்கா அண்ணாச்சி?" என்றார் கஸ்பார்.

"இருக்கு தம்பி. உங்கக்கா இப்பத்தான் அவுத்துப் பாத்தா. முடியல."

பிறகு அவர் கோபமே இல்லாத குரலில், "பிள்ள கல்யாணத்துக்கு முன்ன வந்து சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றார்.

போனைப் பிலோமியின் கையில் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.